கவுண்டர் முதலில் உட்கார வேண்டும்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும்.

வாரா வாரம் படிக்கும் உங்களுக்கு அது தெரிந்திருக்காது. பத்திரிகை ஆபீஸில் ஒரு தம்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தித்தான் உங்களிடம் கொடுக்கிறார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். எவனைக் கூப்பிட்டாலும் எவனோ ஒருவன் வந்து நிற்பான். இந்த முறை நிலைமை இன்னும் மோசம். வலது கை விரல் மூன்றில் சிமெண்ட் அரித்த புண் இன்னும் ஆறவில்லை. பேனா வழுக்குகிறது.

சிமெண்ட் புண் எப்படி வந்தது?

ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தேன். அதனால் வந்தது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கொத்து வேலை. புதூர்நாட்டைச் சுற்றியுள்ள மலையூர்களில் அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கழிப்பறைகளில் பாதி என் கை வேலைதான். அதனால் எனக்குப் பெயரே 'கக்கூஸ் மேஸ்திரி'. கல்யாணப் பத்திரிகையில் கூட அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். மஞ்சள் தடவிய கவரின் மேல், 'கக்கூஸ் மேஸ்திரி அவர்களும் குடும்பத்தாரும்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு அந்த வார்த்தையை நாலு பேர் முன்னால் சொல்ல வராது. கூச்சம். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், வாயைத் திற என்றால் தொண்டையில் ஏதோ வந்து குந்திக்கொள்ளும்.

என்னை மட்டும் சொல்லி என்ன? எங்கள் மலையில் அந்தக் காரியத்துக்குப் பெயரே கிடையாது. 'வெளியே போயிருக்கிறார்', 'காட்டுப் பக்கம் போனார்', 'ஓடைக்குப் போய்ட்டு வர்றேன்'... எல்லாம் திசைகள்! காரியத்துக்குப் பெயர் வைக்காமல் போகும் வழிக்குப் பெயர் வைத்திருக்கிறோம். கக்கூஸ் என்ற சொல் கூட நம்முடையது இல்லையாம். டச்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போனது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் ரேவதி சொல்கிறாள். கப்பலில் வந்தார்கள், மிளகு வாங்கினார்கள், கோட்டை கட்டினார்கள், போய்விட்டார்கள். கோட்டைச் சுவர் எல்லாம் உதிர்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு சொல் மட்டும் விரிசல் இல்லாமல் நிற்கிறது.

நான் கட்டியவை என்ன ஆயின என்று கேட்கிறீர்களா?

கட்டி முடித்ததும் பில் பாஸாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கதவுக்கு முன்னால் நிற்பார். எல்லோர் முகமும் கோர்ட் வாசலில் நிற்பவர் முகம் மாதிரியே இருக்கும். போட்டோ முடிந்தது. அப்புறம்? ஒரு வீட்டில் சாமை மூட்டை. ஒரு வீட்டில் கொட்டை எடுத்த புளி. ஒரு வீட்டில் கோழி ஒன்று உள்ளே போய், பீங்கானில் வைக்கோல் சேர்த்து, பதினோரு முட்டைக்கு அடை உட்கார்ந்துவிட்டது. என் அனுபவத்தில் நான் கட்டிய கக்கூஸ்களில் முதலில் உட்கார்ந்தது அந்தக் கோழிதான்.

நான் கோபப்படுவதில்லை. நல்ல கதவு, தாழ்ப்பாள், சிமெண்ட் தரை, எலி வராத சுவர் — இத்தனையும் உள்ள ஒரே அறை அந்த வீட்டில் அதுதான். அதில் போய்... யாருக்கு மனசு வரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா பொன்னி, எனக்கு ஐந்து வயது மூத்தவள். மாமா இறந்த பிறகு எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். மகன் ஓசூரில் கம்பெனி வேலை. புரட்டாசி மழையில் பாறையில் கால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. கீழே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றபோது டாக்டரம்மா ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

"இவங்க இனிமே கீழ குந்தவே கூடாது. ஓடை, காடு எதுவும் கிடையாது. வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா? இல்லன்னா மகன்கிட்ட ஓசூருக்கு அனுப்பிடுங்க."

ஓசூரில் மகன் இருப்பது மூன்றாம் மாடியில், நான்கு பையன்களோடு ஒரே ரூமில். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கூட அழாதவள்.

"டேய், என்ன அங்க அனுப்பாதடா. நீ கக்கூஸ் மேஸ்திரிதானே? ஊருக்கெல்லாம் கட்டுன. எனக்கு டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒண்ணு கட்டு."

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சிர்றேன்கா" என்றேன். அன்று செவ்வாய்.

எத்தனையோ கட்டியிருக்கிறேன். அத்தனையும் தரையோடு தரையாக இருப்பவை. இந்த நாற்காலி மாதிரி உயர்ந்து நிற்பதை நான் வைத்ததே இல்லை. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் நானும் என் மனைவி சாந்தியும் திருப்பத்தூரில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம். ரோட்டோரம் வரிசையாக வைத்திருந்தார்கள், பந்திக்கு இலை போட்ட மாதிரி. கடைக்காரப் பையன் "என்ன வேணும்ணா?" என்றான். நான் கண்ணால் காட்டினேன். அவன் குழாயை எடுத்து வந்தான். மறுபடி காட்டினேன். வாஷ் பேசின் வந்தது.

சாந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அதாம்பா, அந்தக் குந்துற பீங்கான்!"

"ஓ, அதுவா! குந்திப் பாருங்கண்ணா. ஹைட்டு சரியா கீதான்னு தெரியணும்ல?"

மெயின் ரோடு. எதிரில் டீக்கடை. மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். என் கூச்சம் இப்படித்தான், எங்கே வரக் கூடாதோ அங்கே சரியாக வந்துவிடும். அப்போதுதானா எங்கள் மலை ஜீப் அந்த வழியாக வர வேண்டும்? டிரைவர் பாபு வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா மேஸ்திரி, முடிஞ்சிதா? இன்னும் நேரம் ஆவுமா?"

ஜீப்பே சிரித்தது.

வாங்கியது நான் உட்கார்ந்ததை அல்ல, குடோனிலிருந்து வந்த புதுசு. அட்டைப் பெட்டியோடு ஜீப்பில் ஏறவில்லை. பெட்டியைப் பிரித்து, பீங்கானை மட்டும் பின்பக்கம் ஏற்றினோம். சந்தை நாள். உள்ளே ஆட்கள், மூட்டைகள், இரண்டு ஆடு. மலையடிவாரத்தில் ஒரு பெண் கை காட்டினாள். பாபு பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "எடம் கீதே! தோ, அந்த வெள்ள சீட்டுல குந்துக்கா."

நான் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேலே படுத்தே விட்டேன். மலை ஏறி முடியும் வரை, ஒவ்வொரு வளைவிலும் என் முகம் பீங்கானுக்குள்ளே போய்ப் போய் வந்தது.

ஏன் இந்தப் பைத்தியக்காரத்தனம்?

எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. ஊருக்குள் புதிதாக எந்த ஆசனம் வந்தாலும் அதில் முதலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் உட்கார வேண்டும். கட்டில், நாற்காலி, ஊஞ்சல், எதுவானாலும். மேளம் ஒரு அடி அடிப்பார்கள். தேங்காய் உடைப்பார்கள். கவுண்டர் உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்காரரைப் பார்த்து 'குந்து' என்பார். வீட்டுக்காரர் குந்தி எழுந்ததும் எல்லோருக்கும் பொரியும் வெல்லமும். அதுவரை வேறு யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அந்த வீட்டுக்குத் திருவிழாவில் தாம்பூலம் கிடையாது. பைக் வந்த காலத்தில் பைக்கும் ஆசனம் என்று தீர்ப்பானது. என் மொபெட்டில் உட்கார்ந்து எழும்போது கவுண்டர் வேட்டி ஸ்டாண்டில் மாட்டிக் கிழிந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஆறு பிளாஸ்டிக் சேர் வந்தபோது ஆறிலும் தனித்தனியாக உட்கார்ந்து எழுந்தார். ஆறு தேங்காய்.

இதுவரை யாரும் யோசிக்காத கேள்வி ஒன்றுதான். கக்கூஸ் ஆசனமா?

தரையோடு இருக்கும் வரை அந்தக் கேள்வி எழவில்லை. இப்போது காலைத் தொங்கவிட்டு உட்காரும் ஒன்றை ஊருக்குள் கொண்டுவருகிறவன் நான். அதுவும் யார் வீட்டுக்கு? ஒரு புளியமரத்து எல்லைத் தகராறில் மூன்று வருடமாகக் கவுண்டரோடு பேசாத என் அக்கா வீட்டுக்கு.

புதன் மதியம் திரும்பியதிலிருந்து வியாழன் முழுக்க வேலை. அக்கா வீட்டுப் பழைய கழிப்பறையிலிருந்து விறகைக் காலி செய்து, நான் வைத்த பழைய பீங்கானை நானே உடைத்து, குழாயைத் திருப்பி... விரல் புண் அப்போது வந்ததுதான். ரேவதி வாசலில் உட்கார்ந்து செல்போனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, ஹரப்பாவுல நாலாயிரம் வருசத்துக்கு முன்னாடியே வூட்டுக்கு வூடு கட்டிக்கிறாங்களாம். செங்கல்லுல சாக்கடையோட."

எனக்கு அந்த மேஸ்திரியை நினைத்துப் பெருமையாக இருந்தது. போட்டோ இல்லாமலே பில் பாஸ் ஆகியிருக்கும்.

"ரோமுல பெரிய ஹால்ல கல் பெஞ்சு போட்டு, வரிசையா ஓட்ட வெச்சிருப்பாங்களாம். பத்து இருபது பேர் ஒண்ணா குந்திக்கினு ஊர்க் கதை பேசுவாங்களாம். நடுவுல மறைப்பே கிடையாதாம் நைனா."

நல்லவேளை, நான் ரோமில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் வயிறு வெடித்தே செத்திருப்பேன்.

வியாழன் சாயங்காலம் பீங்கானை நிறுத்தி, சிமெண்ட் பூசி, மேலே சாக்கு போட்டு மூடினேன். வெள்ளிக்கிழமை காய விட்டேன். சனிக்கிழமை மதியம் கவுண்டர் வந்துவிட்டார்.

காளியப்பக் கவுண்டருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல மனிதர்தான். அவர் மச்சான் மாணிக்கம்தான் சட்டம் பேசுகிறவர். இரண்டு மேளக்காரர்களையும் கையோடு அழைத்து வந்திருந்தார். பின்னால் பாதி ஊர். கழிப்பறைக்கு முன்னால் பலாமரத்தடியில் பாய் விரித்துக் கவுண்டர் உட்கார்ந்தார்.

மாணிக்கம் ஆரம்பித்தார். "ஆசனம்னா இன்னா? கால் தொங்கணும், முதுவு சாயணும். இதுல ரெண்டும் கீது. மூடி வேற கீது. எந்த நாக்காலிக்குங்க மூடி கீது? இது ஆசனத்துக்கு மேல!"

சாந்திக்குப் பொறுக்கவில்லை. "பெரிப்பா, அது கக்கூசுங்க. இதுக்குப் போய் யாராவது முற கேப்பாங்களா?"

"முறன்னா எல்லாத்துக்கும் முறதாம்மா. இதுக்கு ஒண்ணு அதுக்கு ஒண்ணா? கவுண்டர் குந்தறதுக்கு முன்ன வேற யாரு குந்துனாலும் மழ நின்னுடும்."

"மழைய இதுல இழுக்காதடா" என்றார் கவுண்டர். "போன மாசம் பேஞ்ச மழையிலதான் அந்தப் பொண்ணு இடுப்ப ஒடச்சிக்கினா."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மாணிக்கம், யோசிச்சிப் பாரு. நான் இதுல குந்துனா நாளைக்குப் பேராண்டிங்க இன்னா சொல்லுவானுங்க? கக்கூசுல குந்துன கவுண்டரு. செத்தாலும் அந்தப் பேரு போவாதுடா."

நியாயமான பயம். பெயர் எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியாதா?

உட்கார்ந்தால் மானம் போகும். உட்காராவிட்டால் முறை போகும். கவுண்டர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். ரேவதி மெல்ல முன்னால் வந்தாள்.

"தாத்தா, பிரான்ஸ்ல ஒரு ராஜா இருந்தாராம். கக்கூஸ் நாக்காலியில குந்திக்கினே மந்திரிங்கள எல்லாம் பார்ப்பாராம். அந்த நேரத்துல அவருகிட்ட பேசறது பெரிய மரியாதையாம்."

கவுண்டர் நிமிர்ந்தார். "ராஜாவேவா?"

"ஆமா தாத்தா."

"கதவ சாத்திக்கினா, தொறந்து வெச்சிக்கினா?"

"சபையிலயே தாத்தா."

கவுண்டர் கதவையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவனுக்கு எத்தன ஊரு?"

"நாடே அவருதுதான்."

"அதான பாத்தேன். நாடே அவுனுதுன்னா எவன் சிரிப்பான்? எனக்கு இது ஒரு ஊருதானே... தீபாவளி கழியட்டும்மா. அப்புறம் நல்ல நாள் பார்த்து முடிவு பண்ணிக்கலாம்."

தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது.

பதினேழு நாள்! அக்கா இன்று சாயங்காலமே வருகிறாள். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும். அக்கா எனக்குச் சொன்னதை எல்லாம் சொல்ல வேண்டும். ஐம்பது பேர் இருந்தார்கள். நான் பலாமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு வர வேண்டிய அக்கா மூன்று மணிக்கே வந்துவிட்டாள்.

பாபு கையைப் பிடித்து இறக்கினான். அக்கா வாக்கரை ஊன்றி நின்றாள். அந்த நாலு கால் அலுமினியச் சட்டத்தை ஊரே வாய் பிளந்து பார்த்தது. அக்கா முகம் வேர்த்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலையில் கிளம்பும் அவசரம், மலைப் பாதை, வழியில் இறங்கிப் போக வழியில்லை... ஒரு அடி எடுத்து வைத்தாள். இரண்டாவது அடி.

"வழி வுடுங்க" என்றாள்.

மாணிக்கம் எழுந்தார். "இரு பொன்னி. முற இன்னும் முடியல."

"இன்னா முற?"

"கவுண்டர் இன்னும் குந்தல."

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் மாணிக்கத்தை வாக்கரால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகச் சொல்லி மனசுக்குள் கத்தினேன். ஒருத்தரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவள் நின்றுவிட்டாள்.

"அப்பிடியா? மாமா இன்னும் குந்தலியா?" என்றாள். "என் கல்யாணக் கட்டில்ல அவரு அப்பாரு குந்தி எழுந்த பின்னாடிதான் நான் குந்துனேன். புளியமரத்துக்குச் சண்ட போட்டேன், போடுவேன். அது வேற. முறைய நான் தாண்ட மாட்டேன்." வாக்கரை அழுத்திப் பிடித்தாள். "சீக்கிரம் சொல்லுங்க. என் வயிறு எனக்குத்தான் தெரியும்."

"அவரு தீபாவளிக்கு அப்புறம்னு சொல்ட்டாரு" என்றார் மாணிக்கம்.

அக்கா வாக்கரைத் தூக்கிப் பின்பக்கமாக வைத்தாள். திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். "பாபு, வண்டியத் திருப்பு. ஓசூருக்கே போறேன்" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

சாந்தி என் விலாவில் முழங்கையால் குத்தினாள். "யோவ், வாயத் தொற!"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. கவுண்டரும் பார்த்தார். என்ன சொல்வது? நியாயமா, கெஞ்சலா? கவுண்டரைப் பார்த்தபோது ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் ஓடைக்குப் போகும்போது நான் தூரத்தில் பார்த்திருக்கிறேன். காரியம் முடிந்து எழுவதற்கு அவர் ஒரு நுணா மரக்கன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, முனகி முனகி எழுவார். பார்க்காத மாதிரி வேறு பக்கம் போய்விடுவேன். அந்தக் கன்று ஓடைப் பக்கமாகவே வளைந்து வளர்ந்துவிட்டது.

"முட்டி வலிக்காது மாமா" என்றேன்.

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் ஊர்ச் சபையில் நான் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான்.

கவுண்டர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறித் தலையில் முண்டாசாகக் கட்டினார்.

"மாணிக்கம், தேங்கா எங்கடா?"

தேங்காய் உடைந்தது. மேளம் ஒரு அடி. நான் உள்ளே போய்ச் சாக்கை எடுத்தேன். சிமெண்ட் முழுசாக இறுகியிருக்குமோ இருக்காதோ என்று பயந்து, ஓரமாக நின்று இரண்டு கையாலும் பீங்கானைப் பிடித்துக்கொண்டேன். மூடியைப் போட்டு, அதன் மேல் கவுண்டர் உட்கார்ந்தார். வேட்டி முண்டாசோடு, நேராக, கதவு திறந்திருக்க, ஊர் பார்க்க. ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. பாபு கூட.

எழ வேண்டும். எழவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம்.

"மாமா!" என்றாள் அக்கா வெளியிலிருந்து.

"இரு மே" என்றார். கீழே கால்களைப் பார்த்தார். ஒரு முட்டியைத் தடவினார். என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாப்ள... வலி ஒண்ணுமே தெரியலியேடா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"யோவ் மாமா! எழுந்துக்கிறியா, இல்ல உன் மடியிலயே குந்தட்டுமா?"

மாமன் முறை என்பதால் அந்தக் கேலிக்கும் முறையில் இடம் உண்டு. கவுண்டர் சுவரைக் கூடத் தொடாமல் எழுந்தார். வெளியே வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"குந்து பொன்னி."

அக்கா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

இனி வீட்டுக்காரர் குந்தி எழ வேண்டும், அப்புறம்தான் பொரி, வெல்லம். அதுவரை ஊர் கலையக் கூடாது. அதுதான் முறை. ஆகவே ஐம்பது பேர் அரைவட்டமாக, கதவைப் பார்த்தபடி, அப்படியே நின்றோம். ஒருவரும் பேசவில்லை. ஒரு இலை விழுந்தால் கூடக் கேட்கும்.

உள்ளேயும் சத்தம் இல்லை.

குழாயில் கோளாறா? சாய்ந்துவிட்டாளா? கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

"அக்கா...?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபமும் வெட்கமும் சேர்ந்த குரல்.

"இன்னாடா இம்மாஞ் சனம் சத்தமே இல்லாம நின்னா, மனுசி எப்பிடிடா போறது? மேளத்த அடிங்கடா!"

மேளக்காரர்கள் கவுண்டரைப் பார்த்தார்கள். கவுண்டர் தலையை ஆட்டினார். அடித்தார்கள் பாருங்கள் — திருவிழாவுக்குக் கூட அப்படி அடித்ததில்லை! என் வீட்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பாபு ஆடவே ஆரம்பித்துவிட்டான். மாணிக்கம் தாளம் போட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தபோது மேளக்காரர் சட்டை நனைந்திருந்தது.

அக்கா வாக்கரோடு வாசலில் வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது. "இன்னா பாக்கிறீங்க? பொரிய எடுங்க" என்றாள்.

எல்லோரும் கை நீட்டினார்கள். கவுண்டருக்கு அவளே எடுத்துக் கொடுத்தாள், இரண்டு கை நிறைய.

இத்தனை வருடமும் கூச்சம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது. சிலருக்கு ஒரு மேளம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை எழுதலாமா கூடாதா என்று ஒரு மாதத்துக்கு மேல் தயங்கினேன். அக்கா கதை அல்லவா? கடைசியில் நேற்று போய், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எழுதிக்கோ என்றாள். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, "தேதி போட்டு எழுது" என்றும் சேர்த்துச் சொன்னாள். "அந்த ஆளு தினம் காலையில சிமெண்ட் காஞ்சிதான்னு பார்க்க வர்றேன்னு சொல்லிக்கினு உள்ள போய் அர மணி நேரம் குந்திக்கிறாரு. நாளைக்குக் கேட்டா நான் வரவே இல்லம்பாரு. எழுத்துல இருக்கட்டும்."

எழுதிவிட்டேன். இன்றும் வந்திருந்தார்.

கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.